13 வயதில் எதுவும் முடிந்துவிடவில்லை: இயன் ரைட் வந்த வழி

தங்கச்சி, திருச்சியிலிருந்து லண்டன் லூயிஷம் வந்து நாலு மாதம், 13 வயது மகனை ஃபுட்பால் கிளப்பின் அகாடமி (சிறுவர் பயிற்சிப் பிரிவு) ட்ரயலில், அதாவது தேர்வு ஆட்டத்தில், எடுக்கவில்லை, பையன் சரியாகச் சாப்பிடுவதில்லை, பணம் கட்டினால் வேறு கிளப்பில் ட்ரயல் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார், கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாதீர்கள். கிளப் அகாடமிகள் ட்ரயலுக்குக் காசு வாங்குவதில்லை. காசு கேட்டாலே அந்த ஆளை விட்டு விலகிவிடுங்கள்.

மகனிடம் ஆர்சனலுக்கும் இங்கிலாந்துக்கும் ஆடிய ஃபுட்பால் வீரர் இயன் ரைட்டைப் பற்றிச் சொல்லுங்கள். உங்கள் பக்கத்திலிருக்கும் பிராக்லியில் வளர்ந்தவர். சவுத்எண்ட், பிரைட்டன் கிளப்கள் இரண்டிலும் ட்ரயல் போனார், இரண்டிலும் எடுக்கவில்லை. வேலைக்குப் போய்க்கொண்டே டென்-எம்-பீ என்ற ஞாயிற்றுக்கிழமை அணியில் ஆடினார். வரியும் இன்ஷூரன்ஸும் இல்லாமல் கார் ஓட்டி, அபராதத்தையும் கட்டாமல் விட்டதால் செம்ஸ்ஃபோர்டு சிறையில் இரண்டு வாரம் இருந்தார்.    பிறகு கிரீனிச் பரோ என்ற சிறிய கிளப்பில் வாரம் 30 பவுண்டுக்கு ஆடினார். கிரிஸ்டல் பேலஸ் என்ற லண்டன் கிளப் அவரை ஒப்பந்தம் செய்தது 1985 ஆகஸ்டில். 22 வயது ஆக மூன்று மாதம்தான் பாக்கி.

அங்கே 117 கோல். 1990 எஃப்ஏ (இங்கிலாந்து ஃபுட்பால் சங்கம்) கோப்பை இறுதியில், கால் எலும்பு முறிந்து தேறி வந்தவர், மாற்று ஆட்டக்காரராக இறங்கி மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக இரண்டு கோல் போட்டார். 1991-ல் ஆர்சனல் 25 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது. 1997 செப்டம்பரில் ஆர்சனலுக்காக கிளிஃப் பாஸ்டின் போட்ட 178 கோல் சாதனையைத் தாண்டி, 185-ல் முடித்தார். இங்கிலாந்துக்கு 33 ஆட்டம். அவர் வளர்த்த மகன் ஷான் ரைட்-ஃபிலிப்ஸையும் நாட்டிங்ஹம் ஃபாரஸ்ட் கிளப் சிறுவயதில் அனுப்பிவிட்டது. 2005-ல் ஷானை வாங்க செல்சி கிளப் கொடுத்த விலை 2 கோடியே 10 லட்சம் பவுண்டு.

இதில் நான் பெரிதாக நினைப்பது அவருடைய பள்ளி ஆசிரியரைத்தான். கோபக்காரச் சிறுவனான ரைட்டிடம் சிட்னி பிக்டன் வருகைப் பதிவேடுகளைச் சேகரிக்கும் பொறுப்பைக் கொடுத்து, அருகிலேயே வைத்துக்கொண்டார். பல வருடம் கழித்து, ஆர்சனல் மைதானத்தில் ஒரு தொலைக்காட்சிப் படப்பிடிப்பில் பிக்டன் எதிரே வந்து நின்றதும், ரைட் தலையிலிருந்த தொப்பியைச் சட்டென்று கழற்றிவிட்டுக் கண்ணீரைத் துடைத்தார். பெரிய மனிதராக வளர்ந்த பிறகும் வாத்தியார் முன்னால் அதே பையன். ஆகவே முதலில் மகனுடைய பிஇ (உடற்கல்வி) ஆசிரியரைப் பாருங்கள். பள்ளி அணி, அதிலிருந்து மாவட்டப் பள்ளி அணி என்று ஒரு வழி இருக்கிறது, செலவும் அதிகமில்லை.

அடுத்தது உள்ளூர் ஞாயிறு கிளப். வயதை ஆகஸ்ட் 31 நள்ளிரவை வைத்துக் கணக்கிடுவார்கள். அன்று 13 என்றால் 14 வயதுக்குட்பட்டோர் அணி, பதினோரு பேர் ஆட்டம், 4-ஆம் எண் பந்து. ஷின் பேட் (முன்னங்கால் காப்பு) இல்லாமல் நடுவர் இறக்கமாட்டார். பூட்ஸ் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அடியில் வார்ப்பு ரப்பர் குமிழ் உள்ளதை வாங்குங்கள். இரும்புக் குமிழ் வைத்ததைச் செயற்கைப் புல்லில் விடமாட்டார்கள்.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 10 வயது தாண்டி வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைக்கு, கிளப் வழியாக எஃப்ஏவிடம் இன்டர்நேஷனல் கிளியரன்ஸ், அதாவது இங்கே ஆட அனுமதி, வாங்க வேண்டும். நீங்கள் இங்கே வந்தது வேலைக்காக, பையனின் ஃபுட்பாலுக்காக அல்ல என்று காட்டவேண்டியிருக்கும். பையனின் பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், உங்கள் பாஸ்போர்ட், விசா, வேலைக் கடிதம், வீட்டு முகவரிக்கு ஆதாரம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கிளப் செயலாளருக்கு அனுப்பிவிடுங்கள். அனுமதி வரும்வரை பயிற்சிக்கு அனுப்புங்கள், லீக் ஆட்டத்தில் இறக்கவேண்டாம். சீசன் செப்டம்பரில் தொடங்கும், புதுப் பிள்ளைகளைப் பெரும்பாலும் மே, ஜூனிலேயே பார்த்து முடித்துவிடுவார்கள்.