உறைநிலைக்குக் கீழே ஒரு பாக்டீரியா எப்படி வளர முடிகிறது?

தண்ணீர் உறைந்த பின் உயிர் எப்படிப் பெருகும் என்று கேட்டிருக்கிறீர்கள். அலாஸ்காவின் வடமுனையான பாயிண்ட் பேரோ அருகே கடற்பனியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, 2006-இல் விவரிக்கப்பட்ட சைக்ரோமோனாஸ் இன்கிரஹாமியை என்ற பாக்டீரியா இதற்கு நல்ல சான்று. மைனஸ் 12 டிகிரி செல்சியஸிலும் இது வளர்கிறது. ஆனால் ஒருமுறை இரட்டிப்பாக ஏறத்தாழ 240 மணி நேரம், அதாவது பத்து நாட்கள் ஆகிறது.

கடல்நீர் உறையும்போது உப்பு பனிப்படிகத்துக்குள் சேர்வதில்லை. அது படிகங்களுக்கு இடையிலுள்ள மிக நுண்ணிய கால்வாய்களில் அடர்ந்த உப்புநீராகத் தேங்குகிறது. மைனஸ் 12 டிகிரியில் அந்த நீர் சாதாரணக் கடல்நீரைவிட நான்கு மடங்குக்கும் மேல் உப்பானது. அதனால்தான் உறையாமல் இருக்கிறது. ஆகவே குளிரைவிட உப்பைத் தாங்குவதே இங்கு பெரிய சோதனை என்று எனக்குத் தோன்றுகிறது. செல்லுக்குள்ளிருந்து நீர் வெளியேறிவிடாதபடி பீட்டெயின் போன்ற சிறு மூலக்கூறுகளை இது சேர்த்து வைப்பதாகவும், வெளியே சுரக்கும் பிசுபிசுப்பான பல்சர்க்கரைகள் சுற்றியுள்ள நீரின் உறைநிலையைக் குறைப்பதாகவும் இதன் மரபணுத் தொகுதியை ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள்.

குளிரில் வாழும் நுண்ணுயிர்களின் செல்சவ்வில் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் கூடுதலாக இருப்பதால், அது விறைத்துப்போகாமல் நெகிழ்ந்திருக்கிறது. நொதிகளின் அமைப்பும் அப்படியே இளகியது. அந்த இளக்கத்துக்கு விலையும் உண்டு: சற்றுச் சூடேறினாலே அவை குலைந்துவிடும். நமக்குக் கடுங்குளிரான 5 டிகிரிதான் இந்த பாக்டீரியாவுக்கு மிகவும் உகந்தது. 10 டிகிரிக்கு மேல் இது வளர்வதில்லை.