ஜெர்மன் மொழியில் இறந்தகாலச் செயப்பாட்டு வினையை அமைப்பது எப்படி? 'வோர்டன்', 'கெவோர்டன்' இரண்டில் எது சரி?

தமிழில் 'கட்டப்பட்டது' என்பதில் 'படு' ஆற்றும் பணியை ஜெர்மனில் 'வேர்டன்' என்னும் துணைவினை ஆற்றுகிறது. அதன் இறந்தகால வடிவமான 'வூர்டே' பொதுவாக எழுவாயை அடுத்து வர, முதன்மை வினையின் எச்சவடிவம் வாக்கியத்தின் இறுதிக்குச் செல்லும். '1961-இல் பெர்லின் சுவர் கட்டப்பட்டது' என்பதை 'டீ பெர்லீனர் மவுவர் வூர்டே 1961 கெபவுட்' என்பார்கள். எழுவாய் பன்மையானால் 'வூர்டன்' வரும்.

இதையே 'பெர்ஃபெக்ட்' என்னும் மற்றோர் இறந்தகால வடிவத்தில் சொன்னால் 'இஸ்ட் கெபவுட் வோர்டன்' என்றாகும். தாங்கள் குழம்பிய இடம் இதுவே: 'ஆகு' என்னும் பொருளில் 'வேர்டன்' தனித்து நிற்கையில்தான் 'கெவோர்டன்' வரும்; செயப்பாட்டு வினையில் அதன் 'கெ' உதிர்ந்துவிடும். செய்திகளிலும் வரலாற்று எழுத்திலும் 'வூர்டே' வடிவமே மிகுதி என்பதால், முதலில் அதைப் பழகுவதே நல்லது என்பேன்.

செய்தவரைக் குறிக்கும் நம் 'ஆல்' உருபுக்கு இணையாக 'ஃபோன்' வரும். பெரும்பாலும் அது தேவைப்படாது.

'வூர்டே' இருக்குமிடத்தில், 'இரு' என்பதன் இறந்தகால வடிவமான 'வார்' வந்தால் பொருள் மாறும். 'டீ ட்யூர் வூர்டே கெஷ்லோஸன்' என்றால் கதவு மூடப்பட்டது, அதாவது யாரோ மூடினார். 'டீ ட்யூர் வார் கெஷ்லோஸன்' என்றால் கதவு ஏற்கெனவே மூடியிருந்தது.