மாநகராட்சி நிலத்தைப் பயன்படுத்த அனுமதி: கேள்வி பதில்

கேள்வி: தெருமுனையில் ஒரு நிலம் காலியாகக் கிடக்கிறது. அங்கே தோட்டம் போட எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதலில் அது மாநகராட்சி நிலம்தானா என்று பதிவேட்டில் பாருங்கள். வேலி இல்லாததெல்லாம் பொது நிலம் ஆகாது. அப்புறம், சாலை விரிவாக்கத்தில் வருகிறதா, அடியில் குழாயோ மின்கம்பியோ போகிறதா என்று கேளுங்கள். விண்ணப்பத்தில் வரைபடம் இருக்கட்டும். என்ன செய்யப்போகிறீர்கள், தண்ணீர் எங்கிருந்து வரும், யாருக்காவது அடிபட்டால் யார் பொறுப்பு என்பதையும் எழுதுங்கள். பழைய கட்டடம் இடித்த இடமானால் மண்ணைப் பரிசோதிக்காமல் கீரைகூட விதைக்காதீர்கள். பழைய பெயின்டின் ஈயம் மண்ணில் தங்கியிருக்கலாம். அதிகாரி வாயால் சொன்ன அனுமதியை நம்பி மண்வெட்டி எடுக்கவே எடுக்காதீர்கள்.

கேள்வி: குத்தகை கேட்பதா, உரிமம் கேட்பதா?

பதில்: உரிமம் என்பது இடத்தைப் பயன்படுத்த வெறும் அனுமதி; குத்தகை என்றால் குறிப்பிட்ட காலத்துக்கு இடமே உங்கள் வசம். ஒரு பருவத்துக் காய்கறிக்கு உரிமம் போதும். சீக்கிரம் கிடைக்கும், அதே வேகத்தில் ரத்தும் ஆகும். சுவர், கொட்டகை என்று பணம் போடுவதானால் குத்தகை கேளுங்கள். காலம், புதுப்பிப்பு, காலி செய்ய எத்தனை நாள் அவகாசம், கட்டியது யாருக்கு என்ற நான்கும் எழுத்தில் வரட்டும். தாளின் தலைப்பை மட்டும் பார்க்காதீர்கள். இடம் முழுவதும் உங்கள் வசம், குறிப்பிட்ட காலத்துக்கு, வாடகைக்கு என்றால் ‘உரிமம்’ என்று எழுதியிருந்தாலும் அது குத்தகைதான் என்று 1985இல் ஸ்ட்ரீட் எதிர் மவுன்ட்ஃபோர்டு வழக்கில் அப்போது பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

கேள்வி: கவுன்சிலர் சரி என்றுவிட்டார். போதுமா?

பதில்: போதாது. எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: பல வருஷம் அனுபவித்தால் நிலம் நமக்கே வந்துவிடுமாமே?

பதில்: அனுமதி வாங்கி இருப்பவருக்கு அந்த வாதமே கிடையாது. எத்தனை வருஷமானாலும் அது அனுமதிதான்.

கேள்வி: நான் அனுமதி கேட்கவே இல்லையே. என் உறவினருக்கு அப்படித்தான் நிலம் கிடைத்தது.

பதில்: அது தனியார் நிலமாக இருந்திருக்கும். பொது நிலத்துக்குப் பல நாடுகளில் அந்த உரிமை கிடையாது. சில நாடுகளில் உண்டு, ஆனால் காலக்கெடு நீளம். அதை நம்பி இருப்பவர் சட்டத்தின் கண்ணில் ஆக்கிரமிப்பாளர்.

கேள்வி: குப்பைமேட்டைச் சுத்தம் செய்தவர்களுக்கு ஒரு உரிமையும் இல்லையா? இது அநியாயம் இல்லையா ஐயா?

பதில்: உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. அந்த உழைப்புக்கு மதிப்பு உண்டு, ஆனால் அது தானாக உரிமை ஆகாது. 1973இல் நியூயார்க்கில் லிஸ் கிறிஸ்டியும் நண்பர்களும் குப்பை கிடந்த மனையைத் தோட்டமாக்கினார்கள். அடுத்த ஆண்டு நகராட்சி அதை மாதம் ஒரு டாலர் வாடகைக்கு விட்டது. அதே நகரம் 1999இல் நூற்றுக்கும் மேற்பட்ட சமூகத் தோட்டங்களை ஏலம் விடக் கிளம்பியது. மக்கள் போராடினார்கள். கடைசியில் லாப நோக்கமற்ற இரண்டு அமைப்புகள் அவற்றை விலைக்கு வாங்கித்தான் காப்பாற்ற முடிந்தது. அதனால் இன்றைக்கே பழைய படங்கள், செலவுக் கணக்கு, அக்கம்பக்கத்தார் கையெழுத்து எல்லாவற்றையும் சேர்த்து மாநகராட்சி மன்றத்தில் கொடுங்கள்.

கேள்வி: கடை வைக்க நேரடியாகக் கேட்கலாமா?

பதில்: வியாபாரத்துக்குப் பெரும்பாலும் ஏலம் அல்லது டெண்டர்தான். அறிவிப்பைக் கவனியுங்கள்.

கேள்வி: வார்டு அலுவலகத்தில் ‘ஆரம்பியுங்கள், பார்த்துக்கொள்ளலாம்’ என்றார்கள். ஆரம்பிக்கலாமா?

பதில்: இதே கேள்விக்கு மேலே பதில் சொல்லிவிட்டேன். எழுத்து, எழுத்து, எழுத்து.

கேள்வி: குத்தகை அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பிப்பு தானாக நடக்குமா?

பதில்: பத்திரத்தில் அப்படி எழுதியிருந்தால் மட்டும். இல்லையென்றால் நாளைக்கே மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.