லேசிக் செய்தால் இரவில் விளக்கு சிதறித் தெரியுமா?

கேள்வி: வயது 26. இரு கண்ணிலும் மைனஸ் 8. லேசிக் (கண்ணாடியைக் கழற்ற லேசரால் செய்யும் கண் சிகிச்சை) செய்தவர்களுக்கு இரவில் விளக்கைச் சுற்றி வட்டம் தெரியும், பார்வையே கெட்டுவிடும் என்று இணையத்தில் படித்துப் பயந்துவிட்டேன். கண்ணாடி, கான்டாக்ட் லென்ஸ், லேசிக் எதில் பார்வை தெளிவாக இருக்கும்? கண்ணாடி போடப் போட பவர் ஏறுமா? உறுத்தலுக்கு மருந்துக்கடையில் வாங்கிய சொட்டு மருந்தை இரண்டு மாதமாகப் போடுகிறேன். ஒரு வாரமாக இடது கண் ஓரத்தில் மின்னல் வெட்டுகிறது. செல்போன் அதிகம் பார்ப்பதாலா?

பதில்: கடைசி வரியில்தான் விஷயமே இருக்கிறது. செல்போனால் மின்னல் வெட்டாது. சராசரிக் கண்ணின் நீளம் 24 மி.மீ.; உங்கள் பவருக்குப் பெரும்பாலும் 26-ஐத் தாண்டியிருக்கும். அப்படி நீண்ட கண்ணில் விழித்திரை மெலிந்திருக்கும். உள்ளே இருக்கும் கூழ் அதைப் பிடித்து இழுக்கும்போது மின்னல் தெரியும். இழுத்த இடத்தில் கிழிசல் விழுந்திருந்தால், ஆரம்பத்திலேயே லேசர் வைத்து ஓரத்தை ஒட்டிவிடலாம். விழித்திரை கழன்றுவிட்டால் பெரிய அறுவை சிகிச்சைதான். எனவே இன்றோ நாளையோ போய், சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரியவைத்து விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். சில மணி நேரம் கண் கூசும், மங்கும். கூட ஒருவரை அழைத்துப்போங்கள். திடீரென்று கரும்புள்ளிகள் கொட்டினாலோ, ஓரத்திலிருந்து திரை இறங்குவதுபோல நிழல் வந்தாலோ நாளை வரை கூடக் காத்திருக்காதீர்கள்.

போகும்போது அந்தச் சொட்டு மருந்துப் புட்டியையும் கொண்டுபோங்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால், வலியே இல்லாமல் கண் அழுத்தம் ஏறியிருக்கலாம். அளந்தால்தான் தெரியும். உறுத்தலுக்கு ஆறுதல் தருகிறதே என்று இரண்டு மாதம் போடுகிற மருந்தா அது?

சரி, லேசிக். இணையம் முழுப் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்கிறது. லேசர், கருவிழியின் (கண்ணின் முன்னால் இருக்கும் தெளிவான படலம்) நடுவில் சுமார் 6 மி.மீ. அகலத்துக்குத் தட்டையாக்குகிறது. இருட்டில் பாப்பா அதைவிட விரிந்தால், செதுக்கிய இடத்தின் விளிம்பு வழியாக வரும் ஒளி சிதறி வட்டமாகத் தெரியும். பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் குறைந்துவிடும், சிலருக்குத் தங்கிவிடும். பவர் கூடக்கூட ஆழமாகச் செதுக்க வேண்டும். கருவிழியோ அரை மி.மீ. சொச்சம்தான். அதனால் மைனஸ் 8-க்கு, கருவிழியைச் செதுக்காமல் கண்ணுக்குள் லென்ஸ் வைக்கலாம் என்று உங்கள் மருத்துவர் சொன்னால் ஆச்சரியப்படாதீர்கள். அதிலும் வட்டம் தெரியலாம். எழுத்துப் பலகையில் 6/6 படித்துவிட்டோமே என்று திருப்திப்படுவதும் தப்பு. அது வெள்ளையில் கறுப்பு எழுத்து. மங்கிய வெளிச்சத்தில் சாம்பல் நிறப் படிக்கட்டு தெரிகிறதா என்பது வேறு பரீட்சை.

கண்ணாடியிலும் குறை உண்டு, பழகிவிட்டதால் தெரியவில்லை, அவ்வளவுதான். உங்கள் பவரில் அது எல்லாவற்றையும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சிறிதாக்கிக் காட்டும். ஓரம் வழியாகப் பார்த்தால் நேர்கோடு வளையும். கான்டாக்ட் லென்ஸ் கண்ணோடு நகர்வதால் இந்த இரண்டும் பெரும்பாலும் இல்லை. பார்வைத் தரம் மட்டும் என்றால் என் ஓட்டு அதற்குத்தான். ஆனால் உறுத்தலோடு போடக்கூடாது, போட்டபடி தூங்கவே கூடாது. கண்ணாடி போட்டால் பவர் ஏறும் என்பதை மறந்துவிடுங்கள்.

லேசிக் கண்ணாடியைக் கழற்றும், கண்ணின் நீளத்தைக் குறைக்காது. செய்த பிறகும் வருடம் ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை உண்டு. முதலில் அந்த மின்னலுக்கு ஒரு முடிவு தெரியட்டும், லேசிக்குக்கு அளவெடுப்பதெல்லாம் அப்புறம்.