வேலைக்குப் போகும் வாலிபர் ஐக்கியம்: கேள்வி பதில்

குன்னூரில் வேலைக்குப் போகிற கிறிஸ்தவ வாலிபர்கள் கூடி ஜெபிக்கும் ஐக்கியத்தைப் பல வருடங்களாக நடத்தி வருகிறேன். எப்படிச் சிதறாமல் இருப்பது என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். சபை நிர்வாகத் தகராறுகளை மட்டும் இங்கே கொண்டுவர வேண்டாம்.

அருவங்காடு: அக்கா, எங்களில் பாதிப் பேருக்கு வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஷிப்ட். மற்றவர்களுக்கு ஓட்டல், டாக்ஸி. எந்தக் கிழமை வைத்தாலும் பாதிப் பேர்தான் வருகிறார்கள்.

எல்லாருக்கும் ஒத்துவரும் நாளைத் தேடுவதை விட்டுவிடுங்கள் தம்பி. அப்படி ஒரு நாள் மலையில் கிடையாது. ஏப்ரல், மே சீசனில் ஓட்டல் பிள்ளைகளுக்கும் வண்டி ஓட்டுபவர்களுக்கும் ஞாயிறு ஆராதனையே கிடைப்பதில்லை. அவர்களிடம் போய் "ஏன் கூட்டத்துக்கு வரவில்லை" என்று கேட்பது அநியாயம்.

மூன்று மூன்று பேராகப் பிரியுங்கள். ஒரே ஷிப்டில் இருப்பவர்கள், ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறவர்கள் என்று பார்த்துச் சேர்த்துவிடுங்கள். வாரத்தில் ஒருமுறை அந்த மூவரும் நேரில் பார்த்துவிட வேண்டும். டீக்கடையாக இருக்கட்டும், பஸ் ஸ்டாண்டாக இருக்கட்டும். ஒரு சங்கீதம், ஒருவருக்காக ஒருவர் ஜெபம், அரை மணி நேரம் போதும். மொத்த ஐக்கியமும் கூடுவது மாதம் ஒருமுறை. இரண்டாம் ஞாயிறு என்றால் எப்போதும் இரண்டாம் ஞாயிறுதான். பாதிப் பேர் வந்தாலும் தேதியை மாற்றாதீர்கள். இரண்டு தடவை மாற்றினால் மூன்றாவது தடவை யாருக்கும் நினைவிருக்காது.

வேதாகமத்தில் வரும் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதி கூடாரம் செய்து பிழைத்தவர்கள். அவர்கள் வீட்டில் சபை கூடியது. உழைக்கிறவர்களின் நேரத்துக்கு ஏற்பக் கூடுவது நமக்கு ஒன்றும் புதிதல்ல.

இன்னொன்று: மாலைக் கூட்டத்தை ஆறு மணிக்கு முடித்துவிடுங்கள். இருட்டினால் எஸ்டேட் பாதையில் காட்டுமாடு நிற்கும், கரடி வரும். தனியாக நடக்கும் தங்கைகளை நினைத்துப் பாருங்கள்.

ஊட்டி: எந்த ஆப் நல்லது அக்கா?

வாட்ஸ்அப் போதும். அறிவிப்புக்கு மட்டும்.

கோத்தகிரி: எங்கள் குரூப்பில் தினமும் காலையில் வசனப் படங்கள் வந்து குவியும். போன மாதம் ஒரு தங்கை, அம்மாவுக்கு ஆபரேஷன் என்று எழுதினாள். எல்லாரும் கைகூப்பும் படம் போட்டார்கள். அதற்குப் பிறகு அவள் வரவில்லை.

படிக்கவே மனம் வலிக்கிறது. அந்தத் தங்கை ஜெபத்தை மட்டும் கேட்கவில்லை. யாராவது ஆஸ்பத்திரிக்கு வருவார்களா என்றுதான் பார்த்திருப்பாள். ஜெப விண்ணப்பம் வந்தால், அன்றைக்கே ஒருவர் போன் செய்ய வேண்டும், ஒருவர் நேரில் போக வேண்டும். யார் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவையுங்கள். எல்லாருடைய பொறுப்பு என்று விட்டால் யாரும் போக மாட்டார்கள். நீங்கள் இன்றைக்கே அவள் வீட்டுக்குப் போங்கள். விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம், அம்மா எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள்.

அப்புறம், அடுத்தவர் கஷ்டத்தை அவர் அனுமதி இல்லாமல் குரூப்பில் போடாதீர்கள். வேலை போனது, வீட்டுச் சண்டை, மருத்துவ ரிப்போர்ட், எதுவானாலும். "ஜெபத்துக்காகத்தான் போட்டேன்" என்பது காரணம் ஆகாது.

பெங்களூரு: நான் கேத்திப் பையன் அக்கா. இங்கே ஐ.டி. வேலை. ஊர் ஐக்கியத்தோடு வாராவாரம் ஜூமில் சேர்கிறேன். இங்கே எந்தச் சபைக்கும் போவதில்லை. அது போதாதா?

போதாது தம்பி. உனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி கொண்டுவருகிறவர் பெங்களூரில்தான் இருக்க வேண்டும்.

கூடலூர்: நான் குறுக்கே பேசுகிறேன், மன்னிக்கவும். வெளியூர் போனவர்களுக்காக நாங்கள் கூட்ட நேரத்தை மாற்றுகிறோம். இங்கே சிக்னல் வராது. போனைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறோம், ஜெபம் நின்றுபோகிறது. போனவர்கள் பேரை எடுத்துவிட வேண்டியதுதான்.

பெங்களூரு: வேலை இல்லாமல்தானே அண்ணா போனோம்? அப்போஸ்தலன் பவுல் கடிதம் எழுதியே சபைகளைத் தாங்கவில்லையா?

இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன். பவுல் எழுதினார், உண்மை. ஆனால் தெசலோனிக்கேயா சபையை நினைத்துப் பொறுக்க முடியாமல், தான் அத்தேனே பட்டணத்தில் தனியாக இருந்தாலும் பரவாயில்லை என்று உடன் ஊழியர் தீமோத்தேயுவை அங்கே அனுப்பினார். முதலாம் தெசலோனிக்கேயர் 3ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். யோவானின் இரண்டாம் நிருபம் மொத்தமே 13 வசனம். அதன் முடிவில் அவரும், இன்னும் எழுத நிறைய இருக்கிறது, மையாலும் காகிதத்தாலும் வேண்டாம், நேரில் வந்து பேசுகிறேன் என்கிறார். நேரில் வரும்வரைக்கும்தான் கடிதம். ஜூமும் அப்படித்தான்.

கூடலூர் தம்பி, பேரை எடுக்காதீர்கள். பஞ்சு மில், ஐ.டி., நர்சிங் என்று நம் பிள்ளைகள் கீழே இறங்குவது அவர்கள் குற்றமல்ல. ஆனால் மாதக் கூட்டத்தில் போனை நடுவில் வைக்க வேண்டாம். அங்கே வந்தவர்கள்தான் முக்கியம். வெளியூர்க்காரர்களுக்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள், மலையிலிருந்து இரண்டு பேர் அதில் சேரட்டும்.

கோயம்புத்தூர்: நான் நர்ஸ். ஞாயிறு டூட்டி, ராத்திரி டூட்டி. எனக்கு இருக்கிறது ஊர் ஜூம் மட்டும்தான். அதையும் வேண்டாம் என்கிறீர்களா?

இல்லம்மா, உன்னிடமிருந்து அதை எடுக்கவே கூடாது. ஆனால் உன் ஹாஸ்டலிலேயே ஜெபிக்கிற இன்னொருத்தி இருப்பாள். அவளைத் தேடு. இரண்டு பேர் போதும்.

பெங்களூரு: சரி அக்கா. இந்த ஞாயிறு பக்கத்துத் தமிழ்ச் சபைக்குப் போகிறேன்.

போய்விட்டுச் சொல்.

மஞ்சூர்: ஜூம் நல்லதா, டெலிகிராம் நல்லதா?

மேலே சொல்லிவிட்டேன்.

வெலிங்டன்: காணிக்கையைச் செயலாளரின் ஜிபேக்கு அனுப்புகிறோம். சரியா?

சரியில்லை. ஒருவர் கணக்கில் பொதுப் பணம் இருக்கக் கூடாது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். சபைக் கணக்கில் கட்டி ரசீது வாங்குங்கள்.

குன்னூர்: மாதம் ஒரு முழு இரவு ஜெபம் வைத்தால் ஐக்கியம் பலப்படுமா?

மறுநாள் காலை ஷிப்ட் போகிறவரை யோசியுங்கள். துரோவா பட்டணத்தில் பவுல் நடுராத்திரி வரை பேசியபோது ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். அவனை உயிரோடு தந்தது தேவகிருபை. வருடத்தில் ஒன்று வைக்கலாம்; விடியும்வரை எல்லாரும் ஆலயத்திலேயே இருக்க வேண்டும், நடுவில் யாரும் தனியாகக் கிளம்பக் கூடாது. மற்றபடி ஆறு மணி.

லவ்டேல்: ஐக்கியத்தில் ஒரு சிஸ்டரைப் பிடித்திருக்கிறது...

உங்கள் ஆயரிடம் பேசுங்கள்.

பர்லியார்: மழைக்காலத்தில் எல்லாம் நின்றுவிடுகிறது. மறுபடி ஆரம்பிக்க ஜனவரி ஆகிறது.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை உங்கள் பக்கம் மண் சரியும், மேட்டுப்பாளையம் ரோடு அடைபடும், பஸ் கோத்தகிரி வழியாகச் சுற்றும். அந்த மாதங்களில் மொத்தக் கூட்டத்தை நிறுத்திவிடுங்கள், ஆனால் மூன்று பேர் குழுவை நிறுத்தாதீர்கள். மழை வலுத்த அன்று ராத்திரி ஒவ்வொருவரும் மற்ற இருவருக்கும் போன் செய்து வீட்டில் இருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். சரியக்கூடிய மண் மேட்டுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் யார் யார் என்று இப்போதே எழுதிவைத்து, ஆலயத்தில் தங்க இடம் கிடைக்குமா என்று ஆயரிடம் கேட்டுவையுங்கள். ஜனவரி வரை காத்திருக்கவும் வேண்டாம். டிசம்பரில் கேரல் பாட ஊருக்கு வருகிறவர்களிடம் புது வருடக் குழுக்களுக்கு அப்போதே பேர் வாங்கிவிடுங்கள்.