‘ராப்சடி இன் ப்ளூ’: வேகம், ஸ்ருதி, மனநிலை – கேள்வி பதில்

அமெரிக்க இசையமைப்பாளர் ஜார்ஜ் கெர்ஷ்வின் 1924 பிப்ரவரி 12 அன்று நியூயார்க்கில், பால் ஒயிட்மேனின் ஜாஸ் குழுவுடன் பியானோவில் அமர்ந்து அரங்கேற்றிய படைப்பு இது. இதன் ஒலிப்பதிவுகள் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

அண்ணா, ஒரு ஆப் டெம்போ 90 என்கிறது, இன்னொன்று 180 என்கிறது. எது சரி?

இரண்டையும் விட்டுவிடுங்கள். துடிப்பைப் பாதியாகவோ இரட்டிப்பாகவோ எண்ணிவிடுவது ஆப்களுக்கு வழக்கம்தான். ஆனால் இதற்கு ஒரே வேகம் என்பதே கிடையாது. தொடக்கம் நிதானம். பியானோ தனித்து வரும் இடங்களில் வாசிப்பவர் இஷ்டத்துக்கு இழுப்பார், விரட்டுவார். நடுநடுவே ரயில் ஓடுகிற மாதிரி ஒரு தடதடப்பு. பாஸ்டனுக்கு ரயிலில் போகும்போதுதான் இதன் முழு உருவமும் பிடிபட்டது என்று கெர்ஷ்வினே சொல்லியிருக்கிறார். சராசரி எண்ணுக்கு மெட்ரோனோம் (ஒரே வேகத்தில் தாளம் தட்டும் கருவி) வைத்தால் நாலு வரி தாங்காது.

ஸ்ருதி பி ஃப்ளாட் மேஜர் என்று போட்டிருக்கிறது. நடுவில் கீபோர்டில் சேர்ந்து வாசித்தால் ஒட்டவே இல்லையே?

தொடங்குவதும் முடிவதும் பி ஃப்ளாட்டில்தான். நடுவில் ஸ்ருதி ஊர் சுற்றிவிட்டு வரும். எல்லாருக்கும் தெரிந்த அந்த மெதுவான மெட்டு ஈ மேஜர். பி ஃப்ளாட்டை ச என்று வைத்தால் ஈ என்பது பிரதி மத்யமம். போகக்கூடிய தூரத்தில் அதுதான் எல்லை. அதனால்தான் அந்த மெட்டு வரும்போது வேறு வீட்டுக் கதவு திறந்த மாதிரி இருக்கிறது.

இன்னொன்று: நீங்கள் கேட்பது பழைய 78 இசைத்தட்டிலிருந்து எடுத்ததா? தட்டு 6 சதவீதம் வேகமாகச் சுற்றினாலே அரை ஸ்வரம் ஏறிவிடும், டெம்போவும் கூடவே ஏறும்.

மேஜர் என்றால் மகிழ்ச்சி என்பார்கள். இதில் ஏக்கம் எங்கிருந்து வருகிறது, சார்?

ப்ளூ நோட்டுகளிலிருந்து, அதாவது ப்ளூஸ் பாணியில் சற்றே இறக்கி வாசிக்கும் ஸ்வரங்களிலிருந்து. அந்தர காந்தாரம் இருக்கவேண்டிய இடத்தில் சாதாரண காந்தாரம் எட்டிப்பார்க்கும், காகலி நிஷாதத்துக்குப் பதில் கைசிகி வரும். கீழே கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) மேஜராகவே நிற்கும். இரண்டு காந்தாரமும் உரசுகிற அந்த இடத்தில்தான் ஏக்கம். ‘மேஜர், உற்சாகம்’ என்று லேபிள் ஒட்டுகிறவர்கள் இதைக் காதில் வாங்குவதில்லை.

தொடக்கத்தில் கிளாரினெட் ஊளையிடுகிறதே, அப்படியேதான் எழுதினாரா?

இல்லை. கீழே ஒரு ட்ரில் (பக்கத்து ஸ்வரங்கள் இரண்டை மாற்றி மாற்றி வேகமாக வாசிப்பது), அதிலிருந்து 17 ஸ்வரங்கள் படிப்படியாக மேலே ஏறவேண்டும், அவ்வளவுதான். ஒத்திகையில் ஒயிட்மேன் குழுவின் கிளாரினெட்காரர் ராஸ் கோர்மன் வேடிக்கைக்காக அதை இழுத்து வழுக்கி வாசித்தார். கெர்ஷ்வினுக்குப் பிடித்துப்போய், அப்படியே வாசிக்கச் சொல்லிவிட்டார். இன்றைக்கு வழுக்காமல் வாசித்தால்தான் தப்பு என்பார்கள்!

ஒரு பதிவு 9 நிமிடம், இன்னொன்று 16 நிமிடத்துக்கு மேல். அவ்வளவு வேகமாகவா வாசித்தார்கள்?

வேகம் பாதி, கத்தரி பாதி. 1924 பதிவில் கெர்ஷ்வினே பியானோ. 12 அங்குலத் தட்டின் இரண்டு பக்கத்துக்குள் அடக்கவேண்டும் என்பதால் நிறைய வெட்டினார்கள். 16 நிமிடச் சொச்சம் என்றால் அனேகமாக 1959-ல் லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் வாசித்து நடத்தியது. பெரிய ஆர்கெஸ்ட்ரா, தாராளமான இழுப்பு.

ஆனால் கெர்ஷ்வின் அப்படி இழுக்கிறவர் இல்லை. அவர் 1925-ல் பதிந்த பியானோ ரோலில் (தானியங்கிப் பியானோவை இசைக்கவைக்கும் துளையிட்ட காகிதச் சுருள்) ஆர்கெஸ்ட்ரா பகுதியின் துளைகளை அடைத்துவிட்டு, மிச்சமிருந்த பியானோவோடு ஒரு ஜாஸ் குழுவை ஓடவிட்டார் மைக்கேல் டில்சன் தாமஸ், 1976-ல். சில இடங்களில் குழு மூச்சுவாங்குவது கேட்கும். சோகமே இல்லை, குறும்புதான் அதிகம்.

முதல்முறை கேட்பவருக்கு எது?

பெர்ன்ஸ்டைன். அந்த ஈ மேஜர் மெட்டை அவர் அளவுக்கு யாரும் உருக்கியதில்லை. அப்புறம் 1976-ஐக் கேளுங்கள். கெர்ஷ்வின் மனதில் இருந்த வேகம் அதற்குப் பக்கத்தில் என்பது என் கட்சி.