மூன்றாம் கண்ணுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்

கேள்வி: என் கணவர் பாம்பனில் இருந்து நாட்டுப்படகில் கடலுக்குப் போகிறார். சென்ற ஐப்பசியில் ஒருநாள் காரணமில்லாமல் மனம் பதைத்தது, அவரைப் போகவிடவில்லை. அன்று பக்கத்து வீட்டுக்காரர் படகின் இன்ஜின் நடுக்கடலில் நின்றுபோய், மறுநாள் மதியம்தான் கட்டி இழுத்து வந்தார்கள். அதுமுதல், நடக்கப்போவது எனக்கு முன்பே தெரிகிறதோ என்று தோன்றுகிறது. ‘மூன்றாம் கண்’ திறக்க 21 நாள் ஆன்லைன் பயிற்சி இருக்கிறது, 18,000 ரூபாயைத் தவணையில் கட்டலாம் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். வீட்டிலேயே நானாகப் பழக முடியாதா?
- வாசகி, தங்கச்சிமடம்

பதில்: முடியும், சகோதரி. செலவு ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு பேனா. அந்த நோட்டு உங்களுக்குப் பிடிக்காத பதிலையும் சொல்லலாம்; அதற்கு மனத்தைத் தயார்செய்துகொண்டு தொடங்குங்கள்.

மனத்தில் ஒன்று பட்டவுடன், அது நடப்பதற்கு முன்பே, தேதியும் நேரமும் போட்டு எழுதிவிடுங்கள். “ஏதோ கெட்டது நடக்கும்” என்பது செல்லாது. அப்படி எழுதினால் ஊரில் ஒரு நாய் செத்தாலும் பலித்துவிடும். “இன்று நண்டு வலையில் ஐந்து கிலோவுக்கு மேல் வரும்”, “பொழுது சாய்வதற்குள் சின்ன நாத்தனார் போன் செய்வாள்” என்று, சரியா தவறா எனத் தீர்ந்துவிடும்படி எழுத வேண்டும். முடிவு தெரிந்ததும் பக்கத்தில் குறியுங்கள். தவறியதை அடிக்கவோ கிழிக்கவோ கூடாது. மூன்று மாதம் இப்படி எழுதி வந்தால் போதும்.

எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலை “எங்கள் அப்பத்தா முன்பே சொன்னார்” என்று சொல்லும் குடும்பங்களை இந்தக் கரையில் நிறையப் பார்த்திருக்கிறேன். அன்றிரவு பாம்பனில் இருந்து கிளம்பி அலையில் அடித்துப்போன பயணிகள் ரயிலை எந்த அப்பத்தாவும் நிறுத்தவில்லை. அவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. நடந்து முடிந்த பிறகு நினைவு தானாகவே புள்ளிகளைச் சேர்த்துக் கோலம் போட்டுக்கொள்ளும்.

உங்கள் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். நின்றுபோனது உங்கள் வீட்டுப் படகு அல்ல. உங்கள் மனம் பதைத்து, ஒன்றும் நடக்காமல் அவர் மீனோடு வந்து இறங்கிய நாள்கள் எத்தனை? அவை நினைவில் நிற்காது. இன்னொன்றையும் யோசியுங்கள். அந்த இன்ஜின் முந்தின வாரமே மக்கர் செய்ததாகக் குழாயடியில் யாராவது பேசி, அது உங்கள் காதில் விழுந்திருக்குமா? கேட்டதை மறந்து, பதைப்பு மட்டும் மிஞ்சுவது மனத்தின் சாதாரண வேலை. உள்ளுணர்வு என்பதில் பெரும்பகுதி இதுதான்.

சோதித்துப் பார்க்கவும் வழி உண்டு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் இத்தகைய சக்திகளை ஆராய்ந்த ஜே.பி. ரைன் 1930-களில் பயன்படுத்திய முறை: வட்டம், சதுரம், சிலுவை, நட்சத்திரம், அலை ஆகிய ஐந்து குறிகள், குறிக்கு ஐந்து வீதம் 25 அட்டைகள். கலைத்துவிட்டு ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாருங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலே சராசரியாக ஐந்து சரியாக வரும். ஒருநாள் எட்டும் வரும், அதற்காகக் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்துவிடாதீர்கள். அட்டை பிடிக்கும் பிள்ளையின் முகம் உங்கள் கண்ணில் படக்கூடாது. பிள்ளைகளின் முகமே விடையைச் சொல்லிவிடும்.

இனி, அந்த “தெரிந்தவர்”. சகோதரி, இவரைப் போன்றவர்களால்தான் என்னிடம் பாதிப் பேர் வருகிறார்கள். முதல் வகுப்பு இலவசம். “உங்களுக்கு இயல்பிலேயே திறந்திருக்கிறது” என்பார்கள். வருகிற எல்லாருக்கும் அதுதான். இரண்டாம் கட்டத்தில் ஏதோ ஒரு தோஷம் அடைத்துக்கொள்ளும். மூன்றாம் கட்டத்தில் தாலிக்கொடி அடகுக்கடைக்குப் போகும். படகின் பெயர், மாமனாருக்கு வந்த நோய், பிள்ளையின் படிப்பு எல்லாவற்றையும் தரகர் முன்கூட்டியே உங்கள் வாயிலிருந்து வாங்கிக் குருவிடம் சேர்த்திருப்பார். குரு அதைக் கண்ணை மூடிக்கொண்டு உங்களிடமே திருப்பிச் சொல்வார். “கடலில் ஒருவரை இழந்திருக்கிறீர்கள்” என்பார். இந்தக் கரையில் எந்த வீட்டில் இழக்கவில்லை? கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கும் பிள்ளைகளின் வீடியோவைக் காட்டினால், மூக்கோரத்து இடுக்கைப் பாருங்கள். கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில் வாழ்ந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், மோசடிக்கு இடமில்லாத சோதனையில் இத்தகைய சக்தியைக் காட்டுவோருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக அறிவித்திருந்தார். 1978-இல் அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை யாரும் வாங்கவில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு: கடல் விஷயத்தில் உங்கள் கணவரின் உள்ளுணர்வு. கச்சான் காற்று எப்போது திரும்பும், நீவாடு என்னும் கடல் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று இருபது வருடமாக, அன்றன்றைக்கே சரியும் தவறும் தெரியும்படி பழகியவர் அவர். உளவியலாளர்கள் டேனியல் கானமனும் கேரி கிளைனும் 2009-இல் சேர்ந்து எழுதிய கட்டுரை சொல்வதும் இதைத்தான்: ஒழுங்கு உள்ள துறையில், உடனுக்குடன் பலன் தெரியப் பழகியவரின் உள்ளுணர்வை நம்பலாம். அதனால் வானிலை அறிக்கை நன்றாக இருந்தும் அவர் “இன்று வேண்டாம்” என்றால் விட்டுவிடுங்கள். ஆனால் தலைகீழாக இது செல்லாது. பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிய நாளில் “எனக்குத் தெரியும், ஒன்றும் வராது” என்று கிளம்பினால், அது உள்ளுணர்வு அல்ல, வீம்பு. அவருடைய உள்ளுணர்வும் கடலோடு சரி. சீட்டு நிறுவனத்தில் பணம் போடவோ பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கவோ அதை எடுத்துப் போக வேண்டாம்.

காதில் குரல் கட்டளையிடத் தொடங்கினாலோ, இரவுத் தூக்கம் தொடர்ந்து போனாலோ நோட்டை மூடிவிட்டு 14416 எண்ணுக்குப் பேசுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண் அது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகிய மாவட்டம் இது. சங்கிலி போடுவதை 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அடியோடு தடைசெய்துவிட்டது, நல்லது. ஆனால் இன்றைக்கும் மனநல மருத்துவரைப் பார்க்க ஒருநாள் பிழைப்பை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டியிருக்கிறது. தரகர் மட்டும் வாசற்படிக்கே வருகிறார். மகாராஷ்டிரத்தில் 2013-இலேயே இத்தகைய மாந்திரீக மோசடிகளுக்கு எதிராகத் தனிச்சட்டம் வந்துவிட்டது. நாம் இன்னும் துண்டறிக்கை அச்சடித்துக்கொண்டிருக்கிறோம்.

முன்பணம் ஏற்கெனவே கட்டியிருந்தால், ரசீதையும் தவணைத் தாளையும் எடுத்து வையுங்கள். திருப்பிக் கேட்டு வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே அனுப்புங்கள், போனில் பேசாதீர்கள். தராவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915. ஆன்லைனில் ஏமாற்றிப் பணம் பறித்திருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930, அதுவும் அன்றைக்கே.